சுண்ணாம்புச் சுவரில் தொங்கும் கழிப்பறைக் கோப்பை

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக் குளியலறையில், சுவரில் மாட்டும் வளைவான வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க விரும்புகிறோம். சுண்ணாம்புச் சுவர் தாங்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பாரத்தை அந்தச் சுவரின் மேல் ஏற்றவே வேண்டாம். தரையில் போல்ட் அடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்தை வாங்கி, ஃபிளஷ் டேங்கும் அதற்குள்ளேயே அடங்குமாறு முன்னால் செங்கல் கட்டு எழுப்பிக்கொண்டால், முன்னோர் பூசிய சுவரைக் குடைய வேண்டியிருக்காது. 400 கிலோ வரை தாங்கும் சட்டங்கள் கிடைக்கின்றன. கோப்பையின் போல்ட் துளைகளுக்கு இடையே 180 மில்லிமீட்டரா, 230 மில்லிமீட்டரா என்று பார்த்து, சட்டத்தோடு பொருந்தினால் மட்டுமே வாங்குங்கள். வெளிவளைவு அழகுக்குத்தான், உப்புக்கறை ஒளிந்துகொள்வது உள்விளிம்பின் அடியில் என்பதால், விளிம்பில்லாத ரகமே நல்லது. கறைக்கு ஆசிட் ஊற்றினால், தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல் (சிமென்ட்டில் கையால் வார்த்த பூக்கல்) பல்லிளித்துவிடும்.