ரயிலில் வரும் படபடப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 39 வயது. சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். ஊட்ரம் பார்க் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதுகிறான். மாமியாரும் எங்களோடுதான். அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போவது, மருந்து பார்த்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

மூன்று மாதத்துக்கு முன் காலை ரயிலில், சிராங்கூனில் கூட்டம் ஏறியதும் நெஞ்சு அடைத்தது, உள்ளங்கை வியர்த்தது, இதோ விழப்போகிறேன் என்று தோன்றியது. அடுத்த நிலையமான உட்லீயில் இறங்கிவிட்டேன். அவசரப் பிரிவில் இசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு இரண்டு முறை அதே இடத்தில் அதே மாதிரி. இப்போது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன். கைப்பையில் கோடாலித் தைலமும் தண்ணீரும் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பை அடிக்கடி பார்க்கிறேன். காணொளி பார்த்து ஆழமாக மூச்சு இழுத்தால் விரல் நுனி மரத்து, பயம் கூடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பகலில் நான்கு தே (தேநீர்) குடித்துத்தான் சமாளிக்கிறேன்.

மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா? மாத்திரை இல்லாமல் முடியாதா? கணவர் ரயிலில் துணைக்கு வருகிறேன் என்கிறார், அழைத்துப் போகலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

மூச்சிலிருந்து தொடங்குகிறேன். நல்லது என்று நினைத்து நீங்கள் செய்வது உங்களுக்கு எதிராகவே வேலை செய்வது அங்கேதான். பயந்த நேரத்தில் உடல் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னும் ஆழமாக இழுத்தால் ரத்தத்தில் உள்ள கரியமில வாயு மேலும் குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கும், தலை கிறுகிறுக்கும். ரத்தத்தின் காரத்தன்மை ஏறுவதால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய இடமும் மரக்கும். மூச்சு போதவில்லை என்ற தவிப்பும் அதனால்தான். ஆக்சிஜனுக்கு அப்போது குறைவே இருக்காது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆஸ்துமாவையோ மாரடைப்பையோ பதற்றம் என்று எண்ணி அதைச் செய்தால் ஆபத்து.

மூச்சைப் பெரிதாக்க வேண்டாம், மெதுவாக்கினால் போதும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியே நான்கு விநாடி, சாதாரண அளவு மூச்சுதான். பிறகு உதட்டைக் குவித்து ஆறு விநாடி வெளியே விடுங்கள். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானாகத் தணியும். தலை சுற்றினால் அளவுக்கு மேல் இழுக்கிறீர்கள் என்று பொருள், இன்னும் சிறிதாக இழுங்கள். காலையும் இரவும் ஐந்தைந்து நிமிடம், முதல் இரண்டு வாரம் மனம் அமைதியாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பழகாத ஒன்றை நெரிசலில் முதன்முறையாகச் செய்து பார்ப்பதால்தான் பலரும் இது பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

மந்திரமோ ஜெபமாலையோ திக்ரோ (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இஸ்லாமிய வழிபாடு) சொல்லும் வழக்கம் உள்ளவர்கள் எண்ணிக்கையை மறந்துவிடலாம். ஒரு வெளிமூச்சுக்கு ஒரு வரி என்று வாய்விட்டு நிதானமாகச் சொன்னாலே மூச்சு ஏறக்குறைய அந்த வேகத்துக்கு வந்துவிடும். ஜெபமாலைப் பிரார்த்தனையையும் பௌத்த மந்திரத்தையும் வைத்து இத்தாலியில் அளந்து 2001ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இனி ரயில். உங்கள் சிக்கலின் வேர், என் கணக்கில், சிராங்கூன் கூட்டம் அல்ல. உட்லீயில் இறங்கியதும் கிடைத்த நிம்மதிதான். உங்களுக்கு வந்தது போன்ற திடீர்ப் பீதி, அதாவது பேனிக் அட்டாக் என்பது சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். நீங்கள் உச்சத்துக்குச் சற்று முன்னால் இறங்கிவிட்டீர்கள். ஆகவே உங்கள் மூளை எழுதிவைத்துக்கொண்ட பாடம், 'இறங்கியதால் பிழைத்தேன்' என்பது. மூன்று முறை அதே பாடம், பிறகு ரயிலையே விட்டாயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் பேருந்தின் மேல்தளம், பிறகு மின்தூக்கி என்று இது பரவுவது வழக்கம். அதனால் ஒத்திப்போட வேண்டாம்.

தைலம், தண்ணீர், கடிகாரம் மூன்றும் இதே கணக்கில் வருபவை. அவை இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனம் நம்பிக்கொள்ளும். கடிகாரம் மூன்றிலும் மோசம்: துடிப்பு 96 என்று பார்த்ததும் பயம் வரும், பயத்தில் அது 110 ஆகும், அதைப் பார்த்து மறுபடியும் பயம். ரயில் பயிற்சி நாட்களில் அதை வீட்டில் கழற்றி வையுங்கள். தைலத்தைத் தலைவலிக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள், நெரிசலில் முகர்வதற்கு வேண்டாம். மூச்சுப் பயிற்சியும் ரயிலுக்குள் இன்னொரு தாயத்து ஆகிவிடலாம். பதற்றத்தை விரட்ட அதைச் செய்யாதீர்கள். பதற்றம் பாட்டுக்கு இருக்கட்டும், நான் இருக்கையில் இருக்கிறேன் என்பதற்காகச் செய்யுங்கள். வேறுபாடு சிறியது போலத் தெரியும், ஆனால் விரட்டப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு நொடியும் 'போய்விட்டதா' என்று சோதித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சோதனையே அதைப் பிடித்து வைத்திருக்கும்.

உங்கள் பாதையை நான் இப்படிப் பிரிப்பேன். ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், கூட்டமில்லாதபோது, செங்காங்கிலிருந்து புவாங்கோக் வரை ஒரே ஒரு நிலையம். திரும்பி வாருங்கள், மறுபடியும் போங்கள். அது சலிப்பாகிவிட்டால் சிராங்கூன் வரை. மூன்றாவது படி உங்களுக்குக் கடினமானது: சிராங்கூனிலிருந்து உட்லீ, பொத்தோங் பாசிர் வரை. இதில் உட்லீயில் இறங்கக் கூடாது என்பதுதான் பயிற்சியே. அடுத்து லிட்டில் இந்தியா வரை (இறங்கி மார்க்கெட்டுக்குப் போய் வரலாம், பயணத்துக்கு ஒரு காரணமும் ஆயிற்று), பிறகு ஊட்ரம் பார்க் வரை. இவை முடிந்த பின்னரே காலை நெரிசல் நேரம். அதிலும் முதலில் ஏழு மணிக்கு முன், பிறகு எட்டு மணிக்கு.

ஏறும் முன் இரண்டு விஷயம் எழுதுங்கள்: பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு, என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன். 'மயங்கி விழுவேன்' என்றால் அப்படியே எழுதுங்கள். இறங்கிய பின் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். பதற்றத்தில் ரத்த அழுத்தம் ஏறும், மயக்கமோ பொதுவாக அழுத்தம் இறங்கும்போது வருவது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்து மயங்குபவர்கள் விதிவிலக்கு. இதை நான் சொல்லிக் கேட்பதைவிட, பத்துப் பயணத்துக் குறிப்பில் நீங்களே பார்ப்பது வலுவானது. திட்டமிட்ட நிலையத்துக்கு முன் இறங்க நேர்ந்துவிட்டால் நடைமேடையில் உட்கார்ந்து தணியவிட்டு, அடுத்த ரயிலிலேயே அதே திசையில் ஏறுங்கள், வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். உடம்பும் மனமும் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் போவது ஒன்று. வாரம் ஒரு முறை போவது இன்னொன்று: இடைவெளியில் பயம் பழைய உயரத்துக்கே ஏறிவிடும். வாரத்துக்கு நான்கு முறையாவது வேண்டும். போனில் யாருடனோ பேசிக்கொண்டே போனால் அந்தப் பயணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான்கு தே பற்றி. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் நீளும். மாலை நாலு மணித் தேயில் பாதி இரவு ஒன்பதுக்கும் உடலில் இருக்கும். தேக்குப் பதில் கோப்பிக்கு மாறினால் இன்னும் கூடும்: நம் கோப்பிக் கடைகளில் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, அதில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபின். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி வரும், அதையும் பதற்றக் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள். மூன்று நாளுக்கு ஒரு கிளாஸ் குறையுங்கள், மிஞ்சுவதைத் 'தே போ' (லேசான தே) என்று கேட்டு வாங்குங்கள், பகல் பன்னிரண்டுக்குப் பிறகு வேண்டாம்.

மூன்று மணி விழிப்புக்கு: மணி பார்க்காதீர்கள், போனை அறைக்கு வெளியே வையுங்கள். இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, ஹாலில் மாமியார் படுத்திருந்தால் சமையலறையில், மங்கலான வெளிச்சத்தில் துணி மடியுங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் எழும் நேரம் ஒன்றே, ஞாயிற்றுக்கிழமையும்தான். முதல் வாரம் களைப்பு கூடும். அதில்தான் பலர் கைவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் வரும் கவலைகளுக்கு மாலையில் ஒரு இடம் ஒதுக்குங்கள். ஏழரைக்கு, சாப்பாட்டு மேசையில், நோட்டும் பேனாவும், இருபது நிமிடம். பகலில் கவலை வந்தால் அடக்காதீர்கள், அடக்கியது இரட்டிப்பாகத் திரும்பும். இரண்டு சொல்லில் குறித்துவிட்டு 'ஏழரைக்கு' என்று தள்ளிப்போடுங்கள். நோட்டில் இரண்டு பத்தி: உங்களால் செய்ய முடிந்தவை இடப் பக்கம், முடியாதவை வலப் பக்கம். மகனுக்குத் தேர்வில் மொத்த ஏஎல் மதிப்பெண் எவ்வளவு வரும் என்பது உங்கள் கையில் இல்லை, அது வலப் பக்கம். கணக்கில் எந்தப் பகுதியில் தடுமாறுகிறான் என்று ஆசிரியரைக் கேட்பது இடப் பக்கம், கூடவே எந்த நாள் கேட்பீர்கள் என்பதும். இடப் பக்கத்தில் நாள் இல்லாத வரி, வலப் பக்கத்து வரிதான். படுக்கையில் உட்கார்ந்து இதைச் செய்யக் கூடாது, இருபது நிமிடத்தைத் தாண்டவும் கூடாது.

மருத்துவரிடம் கட்டாயம் போங்கள், பலதுறை மருந்தகமே போதும். தைராய்டு அளவும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் இதே தோற்றத்தில் வரும், அதற்கு ரயில் பயிற்சி உதவாது. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாளைக் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 10ஐத் தொட்டால் மேலும் பார்க்க வேண்டும் என்று பொருள். சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை கிடைக்குமா என்றும் கேளுங்கள். மேலே சொன்ன ரயில் படிகள் அந்த முறையைச் சேர்ந்தவைதான், வழிகாட்ட ஒருவர் இருந்தால் விரைவாகும்.

மாத்திரை இல்லாமல் பலருக்கு முடிகிறது. ஆனால் சிபாரிசு செய்தால் மிரள வேண்டாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும், முதல் வாரத்தில் பதற்றம் கூடுவது போலவும் தோன்றலாம். அப்போது நிறுத்திவிட்டு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்பதும், நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் இரண்டுமே தவறு. உடனே அமைதி தரும் தூக்க மாத்திரை வகைகளை மருத்துவர்கள் குறுகிய காலத்துக்கு மட்டும்தான் தருவார்கள், அவை பழக்கமாகிவிடும் என்பதால்.

அலுவலகத்துக்கு மருந்தகம் தானாக எதையும் அனுப்பாது. எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழில்) நோயின் பெயர் பொதுவாக இருப்பதில்லை. நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதையும் தடைசெய்வதற்கானது, அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மனப் பதற்றச் சிகிச்சை நாட்பட்ட நோய்த் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம்.

நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலும், நடக்கும்போது வந்து நின்றால் அடங்கினாலும் அதைப் பதற்றம் என்று தள்ளாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1771, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை.

கணவர் வரலாம். முதல் இரண்டு பயணம் பக்கத்தில், அடுத்த இரண்டு பயணம் வேறு பெட்டியில், அதற்கடுத்து போகும் நிலையத்தில் காத்திருக்கட்டும், பிறகு வீட்டில். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லிக்கொண்டே வரக் கூடாது, அந்தச் சொல்லுக்கு ஆயுள் ஐந்து நிமிடம்தான், பிறகு மறுபடியும் கேட்கத் தோன்றும். "எத்தனை மார்க்?" என்று கேட்டு, நீங்கள் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு, வேறு பேச்சுக்குப் போகச் சொல்லுங்கள்.