வராதவர்களுக்கும் சேர்த்து நறுக்கிய ரொட்டி

கேள்வி: எனக்கு 46 வயது. செந்தூலில் இருக்கிறோம். தமிழ் மெதடிஸ்ட் சபை. அம்மா இறந்த பிறகு அவருடைய அட்டிகையை அக்கா தன்னிடமே வைத்துக்கொண்டார். அதில் வாய்த்தகராறு முற்றி, எட்டு மாதமாகப் பேச்சில்லை. அன்றிலிருந்து முதல் ஞாயிறு திருவிருந்துக்கு (அப்பமும் இரசமும் வாங்க) நான் எழுந்து போவதில்லை. "மனசுல பகையை வெச்சுக்கிட்டு எடுத்தா ஆக்கினைத்தீர்ப்பு" என்கிறார் மாமியார், அதாவது கடவுளின் தண்டனை வருமாம். அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அத்தான் கத்தோலிக்கர், ஜாலான் ராபர்ட்சன் அந்தோணியார் கோவிலில் திருப்பலியோடு நடக்கிறது. அழைப்பு வாட்சாப்பில் வந்தது. போனால் அங்கே நற்கருணை (அவர்களுடைய திருவிருந்து) வாங்கலாமா?
— ஒரு சகோதரி, கோலாலம்பூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை. அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் (1 கொரிந்தியர்), 11-ஆம் அதிகாரத்தில் அந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். எத்தனையோ பேர் இப்படிப் பயந்து வருடக்கணக்கில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கு மனம் வலித்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே உள்ள வார்த்தை "அபாத்திரமாய்", அதாவது தகுதியற்ற விதமாய். கடைசியில் வரும் அந்த "ஆய்"-ஐக் கவனியுங்கள். அபாத்திரன் சாப்பிட்டால் தண்டனை என்று பவுல் எழுதவில்லை. சாப்பிடுகிற விதத்தைத்தான் சொல்கிறார். மூல கிரேக்கத்திலும் அது வினையைச் சார்ந்த சொல்தான். அப்படியென்றால் கொரிந்து சபையார் எந்த விதத்தில் சாப்பிட்டார்கள்? அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன்னால் பதில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர் பசியோடு நிற்கிறார், இன்னொருவர் குடித்து வெறித்திருக்கிறார். நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பேர் பந்தி வஞ்சனை. பவுலுக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். அதனால்தான் அந்தப் பகுதியை முடிக்கும்போது, கூடிவந்து சாப்பிடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். (நம் முன்னோரும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவர்கள்தான். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதை ஏற்காமல் தஞ்சையில் சபையை விட்டே போனவர்கள் உண்டு.)

28-ஆம் வசனத்தையும் பாருங்கள். தன்னைச் சோதித்தறிந்து, புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்காரச் சொல்லவில்லை. உங்கள் சபைக்கு முன்னோடியான ஜான் வெஸ்லியும் 1787-இல் வெளியிட்ட ஒரு பிரசங்கத்தில் இதே பயத்துக்குத்தான் பதில் சொல்கிறார். நான் தகுதியற்றவன் என்பதை விலகி நிற்கக் காரணமாக அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. முதல் திருவிருந்தில் யார் யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடிவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கப்போகிற சீடர் பேதுரு அந்தப் பந்தியில்தான் இருந்தார். காட்டிக்கொடுக்கிறவனுடைய கையும் அதே மேஜையில் இருந்ததாக லூக்கா எழுதுகிறார்.

என் சிறுவயதில் எங்கள் சபைக்கு ரொட்டி நறுக்குகிற வேலை அம்மாவுடையது. சனிக்கிழமை சாயங்காலம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெள்ளை ரொட்டியின் ஓரத்தை வெட்டி எடுத்து, நடுப்பகுதியை விரல்நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்குவார். ஓரமெல்லாம் எங்களுக்கு, தேநீரில் தோய்த்துச் சாப்பிட. வாய்க்குள் பெயர் சொல்லிக்கொண்டேதான் எண்ணுவார். மாதக்கணக்கில் கோவில் பக்கமே வராதவர்களுடைய பெயரும் அதில் வரும். "அவங்கதான் வர்றதில்லையேம்மா" என்று ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு வந்துட்டா?" என்றார். அவ்வளவுதான். துணியை இழுத்துத் தட்டை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

சரி, அக்கா விஷயம். பகையோடு இருப்பது பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5) நமக்கும்தான். ஆனால் அங்கேயும் "பின்பு வந்து" என்று இருக்கிறது. நீங்கள் இந்த எட்டு மாதத்தில் காணிக்கையை வைத்துவிட்டீர்கள், அக்காவிடமும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. பயத்துக்குக் கீழ்ப்படிந்தீர்கள், வசனத்துக்கு இல்லை. இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

அதனால் முதல் ஞாயிறுக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். குறுஞ்செய்தி வேண்டாம். அட்டிகைப் பேச்சை அந்தப் போனில் எடுக்கவே வேண்டாம். "அக்கா, கல்யாண வேலை நிறைய இருக்குமே, நான் எப்ப வரட்டும்?" என்று கேளுங்கள், அது போதும். அட்டிகையில் உங்களுக்கு நியாயம் இருக்கலாம். அதைப் பிறகு குடும்பத்தில் ஒரு பெரியவரை வைத்துப் பேசிக்கொள்ளலாம். அக்கா போனை எடுக்காவிட்டால்? "கூடுமானால், உங்களாலானமட்டும்" சமாதானமாக இருங்கள் என்றுதான் ரோமர் 12 சொல்கிறது. உங்களால் ஆனதைச் செய்துவிட்டு, ஞாயிறன்று எழுந்து முன்னால் போங்கள்.

கல்யாணத் திருப்பலியில் நற்கருணை வாங்க வேண்டாம். அது உங்களை ஒதுக்குவது இல்லை. மெதடிஸ்ட் முறையில், மனந்திரும்பி வருகிற வேறு சபையாருக்கும் இடம் உண்டு. கத்தோலிக்கர்களுக்கோ அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன. அதை வாங்கி "ஆமென்" சொல்வது, அந்தத் திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இருக்கிறேன் என்று சொல்வதும் ஆகும். நீங்கள் அப்படி இல்லாதபோது அந்த ஆமெனைச் சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தரும் மரியாதை. பல கத்தோலிக்கக் கோவில்களில், நற்கருணை வாங்காதவர்கள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் குருவானவர் ஆசீர்வதிப்பார். அங்கே வழக்கம் எப்படி என்று அத்தானிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் மண்டபத்துச் சாப்பாடு. ஒரு வீட்டோடு பகை என்றால் "அங்கே கை நனைக்க மாட்டேன்" என்பவர்கள் நாம். அன்றைக்கு மொய் எழுதிவிட்டு அவசரமாகக் கிளம்பிவிடாதீர்கள். பெண்ணின் அம்மா எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட உட்காருவார். அதுவரை காத்திருந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.