ஏசி கேஸ் வருஷா வருஷம் தீர்ந்துபோகுமா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். ஒவ்வொரு ஏப்ரலிலும் மெக்கானிக் வந்து, கேஸ் குறைந்துவிட்டது என்று மூவாயிரம் ரூபாய் வாங்கிப் போகிறார். ஓட ஓட கேஸ் செலவாகும் என்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. ஏசியில் எதுவும் எரிவதில்லை. கேஸ் தீர வழியும் இல்லை.

குழாய்க்குள் திரவமாக வரும் கேஸ், அறைக்குள் உள்ள காயிலில், அதாவது செம்புக் குழாய்ச் சுருளில், கொதித்து ஆவியாகிறது. கொதிக்க நெருப்பு வேண்டாம். இப்போது பல வீட்டு ஏசிகளில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ், திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்பதால் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. திரவத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை விட்டுப் பிரிய ஆற்றல் தேவை. அதை உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். பானையின் ஆவி காற்றோடு போய்விடும். ஏசியிலோ கம்ப்ரசர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது; அங்கே மூலக்கூறுகள் மறுபடி நெருங்கித் திரவமாகி, வாங்கிய வெப்பத்தை வெளியே விடுகின்றன. அதே மூலக்கூறுகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆகவே கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் கேஸ் அடிப்பவர் அடுத்த ஏப்ரலுக்கும் முன்பதிவு செய்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

அவர் காட்டும் அழுத்தமானியின் (கேஜ்) முள்ளைப் பார்த்து மயங்காதீர்கள். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் அழுத்தம் குறைவாகக் காட்டும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் மாற மாற முள்ளும் மாறும். காயிலில் பனி பிடிப்பதற்கும் தூசி காரணமாகலாம். முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். காசு கேட்காத வேலை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

நிஜமாகவே அடிக்கடி கசியும் வீடுகளும் உண்டு. சாக்கடை, கழிவுநீர்க் கால்வாய் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரித்து, கண்ணுக்கே தெரியாத ஊசிமுனை ஓட்டைகளைப் போடும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். காயில் கறுத்திருக்கிறதா பாருங்கள். வீட்டில் வெள்ளிக் கொலுசும் சீக்கிரம் கறுக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. அப்போது ஓட்டையைப் பற்றவைத்து அடைத்துப் பயனில்லை, காயிலையே மாற்ற வேண்டும். வாரண்டி இருக்குமே என்பீர்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். காயிலுக்கும் கேஸுக்கும் எவ்வளவு என்பது பொடி எழுத்தில். பெட்டியோடு ஒரு பூதக்கண்ணாடியும் கொடுக்கலாம்!

சரி, இந்த முறை மெக்கானிக் வந்தால், நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை வைத்துக் கசிவைக் காட்டச் சொல்லுங்கள். அடைத்த பிறகு வாக்கம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் வெளி யூனிட் தகட்டில் உள்ள எடைக்கு, தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் வந்தவரைச் சிலிண்டரைத் திறக்க விடாதீர்கள். எத்தனை கிராம் ஏற்றினார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.