அப்பாவின் கொம்பி வேன்: முதலில் எதைத் திருத்துவது?

கேள்வி: என் அப்பா பண்டாரவளையில் கடை வைத்திருந்தவர். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் 1969ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கொம்பி வேன் ஒன்றை வாங்கினார். அப்பா இறந்தபின் ஒன்பது வருடமாக அது தகரக் கொட்டகையில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். கராஜ்காரர், டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்து, எஞ்சினையும் மாற்றி ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டித் தருவதாகச் சொல்கிறார். எனக்கோ அதில் ஒரு படுக்கையும் அடுப்பும் வைத்து, டிசம்பர் விடுமுறையில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் மலைநாட்டைச் சுற்றிவர ஆசை. எதை முதலில் செய்வது? எந்தப் பக்கம் போவது?
– வாசகி, பண்டாரவளை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணன் சொல்வது சரியா, நீங்கள் ஆசைப்படுவது சரியா என்பதை வேனின் அடிப்பாகம்தான் சொல்ல வேண்டும். ஆகவே பெயின்டைப் பற்றியோ எஞ்சினைப் பற்றியோ யாரிடமும் விலை பேசுவதற்கு முன்னர், வேனைத் தாங்கிகளின் மேல் உயர்த்தி, கீழே நன்றாகக் கழுவி, ஒரு டோர்ச்சும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு படுத்துப் பார்க்கக்கூடிய, உங்களுக்கு எதையும் விற்கும் நோக்கம் இல்லாத ஒரு மெக்கானிக் பாஸைத் தேடிப் பிடியுங்கள். இந்த வேனுக்கு லொறியைப் போலத் தனியான சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும், அதன் கீழே ஓடும் நீண்ட சட்டங்களும், பக்கத் தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டே அதன் பலம் உண்டாகிறது. ஜாக் வைக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழுள்ள ஓரங்கள், முன் சில்லுகளின் மேல்வளைவு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, எஞ்சின் அறையில் பற்றரி இருக்கும் தட்டு ஆகியவற்றில்தான் துரு முதலில் பிடிக்கும். நம் மலைநாட்டு மூடுபனி, மழை பெய்யாத மாதத்திலும் தகரத்தை ஈரமாகவே வைத்திருக்கும் என்பதால், கொட்டகைக்குள் நின்ற வண்டி என்று நம்பிவிட முடியாது. ஸ்குரூ டிரைவரின் முனையால் குத்தும்போது ஓரங்களில் ஓட்டை விழுந்தால் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். நீளச் சட்டங்களிலேயே முனை உள்ளே போனால், அதைச் சீர்செய்யும் செலவு வேனின் பெறுமதியைத் தாண்டிவிடும்; அப்போது அண்ணனின் பேச்சைக் கேட்பதே நல்லது. பெயின்டை முதலில் அடிக்கச் சொல்லும் கராஜ்காரர் மீது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருவதற்கும் இதுவே காரணம். புட்டி பூசி, பளபளப்பாகப் பெயின்ட் அடித்த பிறகு துரு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சட்டங்கள் நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ரூபாய் முழுவதும் பிரேக்குக்கே போக வேண்டும். சமவெளியில் இருப்பவருக்கு இந்த வரிசையை நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு வாசலிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் ஓர் இறக்கம் வந்துவிடும். பிள்ளைகளும் படுக்கையும் தண்ணீர்க் கலனும் ஏறிய வேன் அந்த இறக்கத்தில் நின்றாக வேண்டும். 1969ஆம் ஆண்டு கொம்பியில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்தான். முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1971ஆம் ஆண்டு மொடலிலிருந்து. டிரம் பிரேக்கில் குறையொன்றும் இல்லை, ஆனால் நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூட்டை வெளியே விடாது. டிரம்மின் உள்ளே உரசி நிறுத்தும் லைனர் சூடேறிப் பிடிமானம் குறையும். அதோடு, ஒன்பது வருடம் கிடந்த பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டொட் 3 என்ற தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில்தான் கொதிக்க வேண்டும் என்பது நியமம்; ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் ஒயில் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வேன் நிற்காது. ஏறும்போதும் தட்டையான வீதியிலும் நன்றாக வேலை செய்த பிரேக் இறக்கத்தின் பாதியில் கைவிடுவது இப்படித்தான்.

ஆகையால் மாஸ்டர் சிலிண்டர், நான்கு சில்லுகளின் சிலிண்டர்கள், லைனர்கள், இறப்பர்க் குழாய்கள் ஆகிய அனைத்தையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். டிரம்களை அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இறப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உட்பக்கம் வீங்கி அடைத்திருக்கலாம். அப்போது பெடலை விட்ட பிறகும் ஒயில் திரும்பி வராமல் லைனர் உரசிக்கொண்டே இருக்கும். ஒயில் டொட் 4 ஆக இருக்கட்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறட்டும். கைப்பிரேக்கை கராஜின் சீமெந்துத் தரையில் சோதித்தால் போதாது, சரிவில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். டயர்களில் பட்டன், அதாவது வீதியில் படும் வரிகள், எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அவை போய்விட்டன என்றே எண்ணுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் காட்டும். அதைப் பார்க்காமல் புதிய டயரும் வாங்காதீர்கள். சுமை வாகனங்களுக்குரிய 185 ஆர் 14 சி வகை டயரே இதற்குப் பொருந்தும். பழைய ஹையேஸ் வேன்களுக்கும் போடுவதால் அது சிறு நகரங்களிலும் கிடைக்கிறது.

இனி எஞ்சின். டீசல் எஞ்சின் யோசனையை விட்டுவிடுங்கள். கொம்பியின் எஞ்சின் பின்பக்கம், பின் அச்சுக்கும் அப்பால் இருக்கிறது, காற்றினால் குளிர்வது, றேடியேற்றரே கிடையாது. அதற்குப் பதிலாகக் கனத்த டீசல் எஞ்சினைப் பூட்டினால், முன்பக்கம் றேடியேற்றர் வைக்க வெட்ட வேண்டும், கியர்ப் பெட்டியோடு இணைக்கத் தகடு கடைய வேண்டும், பின்பாரம் கூடி வளைவுகளில் வண்டியின் போக்கே மாறிவிடும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருளையும் திருத்த மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டியதும் மிச்சம். பழைய எஞ்சினுக்கு உதிரிப்பாகம் இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. பிரேசிலில் 2013 இறுதி வரை கொம்பி தயாரிக்கப்பட்டது. இந்த 1600 சி.சி. எஞ்சினின் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் சிலவற்றைப் பெறலாம், மற்றவற்றை வரவழைக்கலாம்.

ஒன்பது வருடம் ஓடாத எஞ்சினைப் பற்றரி கொடுத்து உடனே முடுக்கக் கூடாது. நான்கு பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டர்களுக்குள் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பெற்றோல் தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும். பெற்றோல் செல்லும் இறப்பர்க் குழாய்களை ஓர் அங்குலம்கூட மிச்சம் வைக்காமல் மாற்ற வேண்டும். இந்த வகை வேன்கள் தீப்பற்றுவது பெரும்பாலும் எஞ்சினுக்கு மேலே விரிசல் விட்ட அந்தக் குழாயால்தான். எஞ்சின் அறையின் ஓரமெங்கும் ஓர் இறப்பர்ப் பட்டி ஓடும். அது உக்கிப்போயிருந்தால் பலர் அலங்காரப் பொருள் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கீழேயுள்ள சூடான காற்றை விசிறி மீண்டும் இழுக்காமல் தடுப்பது அந்தப் பட்டியே. அது இல்லாமல் ஏற்றம் ஏறினால் எஞ்சின் தன் சூட்டிலேயே வேகும்.

உங்கள் வருடத்து எஞ்சினில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஒயிலைக் குளிர்விக்கும் பகுதி விசிறிக் கூட்டுக்குள் மூன்றாம் சிலிண்டருக்கு நேர்முன்னே நிற்பதால், அந்தச் சிலிண்டருக்குக் குறைந்த காற்றே, அதுவும் சூடேறிய காற்றே போய்ச் சேர்கிறது. வோக்ஸ்வாகன் நிறுவனம் 1971ஆம் ஆண்டு மொடலில் இதைத் திருத்தி அந்தப் பகுதியைத் தள்ளி வைத்தது. பழைய எஞ்சினில் மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வே முதலில் எரியும் என்பதால், வால்வு இடைவெளியை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது 0.15 மில்லிமீற்றருக்கு வைத்து, அடிக்கடி பார்க்க வேண்டும். ஒயிலை வடிகட்டும் கடதாசி வடி இல்லாத எஞ்சின் இது, கொள்வதும் 2.5 லீற்றர் ஒயில்தான். 5000 கிலோமீற்றர் ஓடுமுன் அதை மாற்றிவிடுங்கள். விசிறியும் டைனமோவும் ஒரே அச்சில் சுழல்வதால், அவற்றைச் சுழற்றும் விசிறிப் பட்டி அறுந்தால் முன்னே சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்த வேண்டும், அடுத்த சந்தி வரை போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. மாற்று விசிறிப் பட்டி ஒன்றும் 21 மில்லிமீற்றர் சாவியும் ஆசனத்துக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும்; பட்டி மாற்ற நீங்களே பழகிக்கொள்ளுங்கள், அது கடினமான வேலையல்ல.

பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேன் அப்பாவின் பெயரில் இருந்தால், வாரிசுகள் சேர்ந்து உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை டிங்கரிங் தொடங்குமுன் முடியுங்கள். அண்ணனின் கையொப்பம் தேவைப்படும் என்பதால் அவரோடு மனத்தாங்கல் இல்லாமல் பேசுவதும் அவசியம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது என்பதையும், அந்த இடைவெளியில் பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பதையும் அவருக்கு நினைவூட்டினால், பழைய இரும்பு யோசனையை அவரே கைவிடக்கூடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். நிறத்தை மாற்றினால் அதையும் பதிய வேண்டும் என்பதால், அப்பா வைத்திருந்த நிறத்திலேயே விட்டுவிடுங்கள்.

படுக்கையையும் அடுப்பையும் கடைசியில் வையுங்கள். பின் ஆசனத்தை மடித்து ஒட்டுப்பலகையும் மெத்தையும் போட்டால் பிள்ளைகளுக்குப் படுக்கை ஆகிவிடும். கனமான அலுமாரி வேண்டாம். சமையலுக்கு 2.3 கிலோ எரிவாயுச் சிலிண்டர் போதும், ஆனால் சமையலை வேனுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாக் குளிரில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு அடுப்பை மூட்டிக் காய்வது உயிருக்கே ஆபத்து. துரை வைத்திருந்த வேன் என்பதால் அதில் வெப்பமூட்டியும் இருக்கலாம். அது புகைக்குழாயின் சூட்டை உள்ளே அனுப்பும் அமைப்பு. துருப்பிடித்திருந்தால் புகையையும் சேர்த்தே அனுப்பும். ஆகவே அதை அடைத்துவிடுவதே மேல்.

பயணத்துக்கு வருகிறேன். டிசம்பரைக் கைவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. உங்கள் ஊவாப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டுவது அப்போதுதான், அதோடு முன்னே சொன்ன வேலைகளும் அதற்குள் ஒழுங்காக முடியா. ஆகஸ்ட் விடுமுறையில் தென்மேல் பருவமழை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்க, மலைமுகட்டுக்கு இப்பாலுள்ள பண்டாரவளையும் வெலிமடையும் காய்ந்து கிடக்கும். முதலில் சுமையில்லாமல் தியத்தலாவை வழியாக அப்புத்தளைக்குப் போய்த் திரும்புங்கள். வீடு வந்ததும் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் உரசுகிறது. அப்புத்தளையிலிருந்து தம்பதென்னைக்கு, தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை வரை வேனில் போகலாம். அதற்கு மேலே லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு ஏறும் ஒடுங்கிய பாதைக்கு முச்சக்கரவண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக வெலிமடை, ஹக்கலை வழியாக நுவரெலியா. 47 குதிரைவலு எஞ்சின், 1868 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும். இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறுவது வேனின் குற்றமல்ல. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால், இடம் கண்ட இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஹக்கலைப் பூங்காவிலோ சீத்தாஎலிய அம்மன் கோயிலடியிலோ அரை மணித்தியாலம் நிறுத்தினால் எஞ்சினும் ஆறும், பிள்ளைகளும் இறங்கி ஓடுவார்கள். இரவு தங்குவதற்குத் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைவதானால் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டே நுழையுங்கள். மழை நாளில் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நம் வீதிகளை என்ன செய்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நுவரெலியாவோடு ஆகஸ்ட் பயணத்தை நிறுத்திக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பாதையை மறு வருடம் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 1400 மீற்றர் இறக்கம். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்த வேண்டும். லபுக்கலையிலும் றம்பொடையிலும் புசல்லாவையிலும் தேநீருக்கு நிறுத்தி டிரம்களை ஆறவிட வேண்டும். நானுஓயாவிலிருந்து ராதல்லை வழியே போகும் குறுக்குப் பாதையை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். 2023 ஜனவரியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி ஏழு பேரின் உயிர் போனது அந்த இறக்கத்தில்தான். ஹட்டன் பக்கம் போக வேண்டியிருந்தால் பிரதான வீதியிலேயே, பகல் வெளிச்சத்தில் போங்கள்.