சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம்: கேட்டதும் சொன்னதும்

சென்னை–மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின், அதாவது பேராயர் ஒருவரின் கீழ் உள்ள மறைமாவட்டத்தின், வரலாறு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மயிலாப்பூர் சென்னைக்குள்தானே இருக்கிறது? அப்புறம் ஏன் பெயரில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம்?

இவை இரண்டும் தனித்தனி மறைமாவட்டங்களாக இருந்து பிறகு ஒன்றானவை. மயிலைதான் மூத்தது. 1606 ஜனவரியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் கொச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரித்துப் புனித தோமையார் மயிலை மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். அகுஸ்தீன் சபைத் துறவியான செபஸ்தியாவோ தெ சாவோ பேத்ரோ அதன் முதல் ஆயர். ஆங்கிலேயக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைக்க இன்னும் 33 வருடம் இருந்தது.

சென்னையின் கதை ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்குகிறது. கப்புச்சின் துறவியான நெவேர் ஊர் எஃப்ரேமை அங்கே தங்கி மறைப்பணி செய்யும்படி ஆங்கிலேயர் கேட்டுக்கொண்டார்கள். 1642-ல் உரோமை அதைத் தனி மறைப்பணித் தளமாக்கியது. 1832-ல் அதற்கென்று ஒரு திருத்தூதுப் பதிலாளர் ஆட்சி, அதாவது திருத்தந்தையின் பெயரால் ஓர் ஆயர் நடத்தும் ஆட்சி, வந்தது. 1886-ல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் (லியோ) அதை உயர்மறைமாவட்டமாக்கினார். இரண்டும் இணைந்த நாள் 1952 நவம்பர் 13. பெயருக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறு கோட்டுக்குப் பின்னால் 300 வருட வரலாறு இருப்பதால்தான், யாராவது அதை விட்டுவிட்டு எழுதினால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஒரே ஊரில் இரண்டு ஆயர்களா? எப்படி ஒத்துப்போனார்கள்?

பல காலம் ஒத்துப்போகவில்லை என்பதுதான் உண்மை. போர்த்துகீசிய அரசர் கோவில் கட்டவும் குருக்களை அனுப்பவும் செலவு செய்ததால், ஆயர்களை முன்மொழியும் உரிமையை உரோமை அவருக்குக் கொடுத்திருந்தது. இதற்குப் பதுரவாதோ என்று பெயர். மயிலை அதன் கீழ் இருந்தது. பின்னால் போர்த்துகலின் பலம் குறைந்தது, பல இடங்களுக்கு ஆயரையே அனுப்ப முடியவில்லை. உரோமையோ 1622-ல் விசுவாசப் பரப்புப் பேராயத்தை அமைத்து, நேரடியாகக் குருக்களை அனுப்பத் தொடங்கியிருந்தது. சென்னை இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது.

எஃப்ரேம் இந்த மோதலில் நேரடியாகவே சிக்கினார். 1649-ல் மயிலையிலிருந்த போர்த்துகீசியர் அவரைப் பிடித்துக் விசுவாசத்துக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கும் கோவாவின் விசாரணை மன்றத்துக்கு அனுப்பினார்கள். விடுதலையானதும் திரும்பச் சென்னைக்கே வந்து பணியைத் தொடர்ந்தார். அந்த மனிதரின் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

1838-ல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரி மயிலையின் அதிகாரத்தையே ரத்து செய்தார். மயிலைப் பக்கக் குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு கோவில்கள், இரண்டு குருக்கள், எந்தக் கோவிலில் நடந்த திருமணம் செல்லும் என்ற சச்சரவு என்று குடும்பங்கள் அலைக்கழிந்தன. மேலிடத்தின் சண்டையில் நசுங்கியது சாதாரண விசுவாசிகள்தான். இதை வெறும் ஐரோப்பிய அரசியலாக எழுதிக் கடந்துபோவது சரியில்லை என்பது என் கருத்து. உரோமையும் போர்த்துகலும் செய்துகொண்ட 1886 உடன்படிக்கைக்குப் பிறகுதான் மயிலைக்கு மறுபடி ஆயர் வந்தார். கடைசியில் 1950-ல் ஆயர்களை முன்மொழியும் உரிமையைப் போர்த்துகல் விட்டுக்கொடுத்ததும் இணைப்புக்கு வழி பிறந்தது.

வேளாங்கண்ணி ஒரு காலத்தில் மயிலையைச் சேர்ந்தது என்கிறார்களே?

ஆமாம், சரிதான். நாகப்பட்டினம், தஞ்சைப் பகுதிக் கோவில்கள் பலவும் மயிலை ஆயரின் கீழ்தான் இருந்தன. வங்காளத்திலும் மயிலைக்குப் பங்குக் கோவில்கள் இருந்தன. 1952-ல் இணைப்பு நடந்தபோது தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாகி, வேளாங்கண்ணி அதற்குப் போனது. வேலூர் மறைமாவட்டமும் அப்போது பிறந்ததுதான்.

பேராயர் மத்தியாஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் தாத்தா அவரைப் பற்றி ஓயாமல் பேசுவார்.

தாத்தா பேசியதில் ஆச்சரியமில்லை. லூயி மத்தியாஸ் பிரான்சில் பிறந்த சலேசிய சபைக் குரு. 1922-ல் அசாமுக்கு வந்த முதல் சலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஷில்லாங் ஆயராக இருந்து 1935-ல் சென்னைப் பேராயரானார். ‘துணிந்து நம்பு’ என்பது அவர் எடுத்துக்கொண்ட விருதுவாக்கு. இணைப்புக்குப் பிறகு சென்னை–மயிலையின் முதல் பேராயரும் அவரே. தலைமுறை தலைமுறையாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு தரப்புக் குருக்களையும் ஒரே மறைமாவட்டமாக நடத்திச் சென்றதை அவருடைய மற்ற எல்லா வேலைகளையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். 1965-ல் காலமாகும்வரை பொறுப்பில் இருந்தார்.

அவருக்குப் பின் வந்த பேராயர்கள் யார் யார்?

1966-ல் இரா. அருளப்பா. இந்தியர் ஒருவர் இந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. இருபது வருடத்துக்கும் மேல் இருந்தார். 1987-ல் மதுரைப் பேராயராக இருந்த இயேசு சபையின் கசிமிர் ஞானாதிக்கம் வந்தார், 1993-ல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். 1994-ல் உதகை ஆயராக இருந்த அருள்தாஸ் ஜேம்ஸ், அவரும் 2004-ல் பதவியில் இருக்கையில் இறந்தார். 2005-ல் வேலூரிலிருந்து சலேசியரான சின்னப்பா. 2012-ல் நியமிக்கப்பட்டவர் ஜார்ஜ் அந்தோனிசாமி, அதற்குமுன் ஆப்பிரிக்காவில் திருத்தந்தையின் தூதராக இருந்தவர்.

இவர்களில் யாராவது கர்தினால் ஆனார்களா?

இல்லை. தமிழரான கர்தினால் லூர்துசாமி பெங்களூருப் பேராயராக இருந்து உரோமைக்குப் போனவர்.

வேலூர் ஆயருக்கு நம் பேராயர் மேலதிகாரியா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். வேலூர், கோவை, உதகை, 2002-ல் நம்மிடமிருந்து பிரிந்த செங்கல்பட்டு ஆகிய நான்கு மறைமாவட்டங்களும் சென்னை–மயிலை மறைமாநிலத்தை, அதாவது நம் பேராயரைத் தலைவராகக் கொண்ட மறைமாவட்டக் கூட்டத்தை, சேர்ந்தவை. ஆனால் அங்கே பங்குத்தந்தையை மாற்றவோ கணக்குக் கேட்கவோ நம் பேராயருக்கு அதிகாரம் கிடையாது. ஒவ்வோர் ஆயரும் திருத்தந்தைக்கே நேரடியாகப் பதில் சொல்பவர். விசுவாசமும் ஒழுங்கும் சரியாகக் காக்கப்படுகின்றனவா என்று கவனிப்பதும், தவறு கண்டால் உரோமைக்குத் தெரிவிப்பதும் பேராயரின் கடமை. அவர் தோளில் போடும் வெள்ளைக் கம்பளிப் பட்டையான பாலியம் இந்தப் பொறுப்பின் அடையாளம்.

பேராயர் பதவி காலியானால் என்ன நடக்கும்?

75 வயது நிறைந்ததும் ஆயர் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். அதை எப்போது ஏற்பது என்பது திருத்தந்தையின் முடிவு. இடம் காலியானால் மறைமாவட்ட ஆலோசகர் குழுக் குருக்கள் எட்டு நாளுக்குள் ஒரு நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் அன்றாட வேலையைப் பார்க்கலாம், பெரிய மாற்றம் எதுவும் செய்யக் கூடாது. புதியவருக்காகத் திருத்தந்தையின் தூதர் பலரிடம் இரகசியமாகக் கருத்துக் கேட்டு, மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்புவார். அந்த மூன்றுக்கு வெளியிலிருந்தும் திருத்தந்தை ஒருவரை நியமிக்கலாம்.

பேராலயம் சாந்தோமா, அரண்மனைக்காரத் தெருவா?

ஆயரின் தலைமைக் கோவிலான பேராலயம் சாந்தோம்தான். தோமையார் கல்லறைமேல் இப்போதுள்ள கோவில் 1896-ல் ஆயர் ஹென்ரிக் ரீட் த சில்வா காலத்தில் எழுந்தது. 1956-ல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்றது. அரண்மனைக்காரத் தெருவின் புனித மரியா ஆலயம் பழைய சென்னை உயர்மறைமாவட்டத்தின் பேராலயம். அதனால்தான் இன்றும் அதை இணைப் பேராலயம் என்கிறோம்.

என் கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றவர். பதிவை எங்கே தேடுவது?

ஆயர் இல்லத்துக்குப் போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தக் கோவில் என்று கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நான ஏடு அந்தந்தப் பங்கில்தான் எழுதப்படும். 1890 என்றால் இரட்டை ஆட்சிக் காலம். மயிலாப்பூரில் வாழ்ந்தார் என்பதற்காக மயிலை ஆயரின் கோவிலில்தான் பதிவு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், சென்னைப் பேராயரின் கீழிருந்த கோவிலிலும் தேடுங்கள். ஏடு போர்த்துகீசிய மொழியிலோ இலத்தீனிலோ இருக்கலாம். அருளப்பன் என்ற பெயரை ‘ஜோவாவோ’ என்றோ ‘யோவான்னெஸ்’ என்றோ எழுதியிருப்பார்கள். எனவே பெயரை மட்டும் பார்த்துப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், பெற்றோர் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். எழுத்து புரியவில்லை என்றால், பங்குத்தந்தையின் அனுமதியோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.