இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலமும் ஏன் செயற்கையாக ஒலிக்கிறது?

இலக்கணம் ஓரளவு கைவந்த பிறகும் எழுதும் ஆங்கிலம் இயல்பாக அமையவில்லையே, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதை எப்படிக் கற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென்னந்தோப்பைத் தென்னந்தோட்டம் என்று எழுதினாலும் பொருள் விளங்கிவிடும். ஆயினும் நம் இலக்கணம் அதை எழுவகை வழுக்களுள் ஒன்றான மரபு வழு என்று ஒதுக்கும். 'டூ எ மிஸ்டேக்', 'ஹெவி விண்ட்' என்று எழுதுவதும் அத்தகைய வழுவே. 'மிஸ்டேக்' என்பதோடு 'மேக்' சேரும்; மழைக்கும் போக்குவரத்துக்கும் 'ஹெவி' பொருந்தும்; காற்றுக்கும் காபிக்கும் 'ஸ்ட்ராங்' என்றுதான் வரவேண்டும். ஆங்கில மொழிப் பயிற்று முறையை வகுத்தவர்களுள் ஒருவரான ஹெரால்ட் பாமர், 1933இல் டோக்கியோவில் வெளியிட்ட அறிக்கையிலேயே, இத்தகைய சொற்சேர்க்கைகளைப் பிரிக்காமல் ஒரே அலகாகக் கற்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

புதிதாக ஒன்றை உண்டாக்கினால் 'மேக்', ஒரு செயலைச் செய்து முடித்தால் 'டூ' என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விதி பாதி தூரம்தான் வரும். ஏனெனில் படுக்கையை ஒழுங்குபடுத்துவது 'மேக் த பெட்', சேதத்தை உண்டாக்குவதோ 'டூ டேமேஜ்'. தவறு, வேலை, முயற்சி அனைத்துக்கும் தமிழில் 'செய்' ஒன்றே போதுமாக இருப்பதால், இந்த இடத்தில் நமக்குத் தடுமாற்றம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

ஆகவே வினைச்சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. 'டிசிஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 'மேக்' வரும், 'ரீச்' வரும், 'கம் டு' வரும். பிரிட்டிஷ் வழக்கில் 'டேக் எ டிசிஷன்' என்பதும் சரியே என்பதால், அதை யாரேனும் பிழை என்று அடித்தால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கடினமான முடிவு என்றால் 'டஃப்', எடுத்த முடிவை மாற்றினால் 'ரிவர்ஸ்'. இப்படி ஒரு சொல்லைச் சுற்றி வரும் தொடர்களை, நீங்களே அமைத்த முழு வாக்கியங்களோடு ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் அவை எழுதும்போது தாமாகவே கைக்கு வரும்.

'ப்ரெபொசிஷன்' எனப்படும் முன்னிடைச்சொற்களையும் இவ்வாறே குறித்துக்கொள்ளுங்கள். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வராது. 'டிஸ்கஷன்' என்ற பெயருக்குப் பின் வரும்.

ஐயம் எழும்போது கற்போருக்கான அகராதியில் வினைச்சொல்லைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். 'மேக்' என்பதன் கீழ் பக்கக்கணக்கில் விளக்கம் நீளும். 'மிஸ்டேக்' என்பதன் கீழோ, வேண்டிய வினை முதல் சில எடுத்துக்காட்டுகளிலேயே கிடைத்துவிடும்.