எழுத்தைச் சுற்றி விழும் வெள்ளைக் கோடு

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தைப்பூசக் காவடி நோட்டீஸ், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு மை மட்டுமே போடும் இரண்டு கலர் ஆஃப்செட் மெஷின் என்பதால், நீலத்துக்கான சயானும் (வெளிர்நீல மை) மெஜந்தாவும் (இளஞ்சிவப்பு மை) சாயங்காலம் ஓட்டி, மஞ்சளும் கருப்பும் மறுநாள் காலையில் ஓட்டினாராம். எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. மெக்கானிக்கைக் கூப்பிடவா என்கிறார்.

வேண்டாம் தம்பி, முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். உங்கள் நீலத்தில் மஞ்சள் துளியும் இல்லை, எழுத்தில் மஞ்சளைத் தவிர வேறு இல்லை. அதனால் நீலத்தில் எழுத்து வடிவத்தில் ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டைக்குள் மஞ்சள் அச்சு அசலாக உட்கார்ந்தாக வேண்டும், மயிரிழை விலகினாலும் தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும். எவ்வளவு நல்ல மெஷினானாலும் மயிரிழை விலகத்தான் செய்யும்.

இதற்குத்தான் டிராப்பிங். வெளிர் நிறத்தை அடர் நிறத்துக்குள் கொஞ்சம் நுழைய விடுவது. உங்களுக்கு மஞ்சள் வெளியே பரவ வேண்டும், ஆஃப்செட்டுக்குக் கால் பாயிண்ட், அதாவது சுமார் 0.09 மி.மீ. போதும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் எழுத்துக்கு அதே மஞ்சளில் அரை பாயிண்ட் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்து, அந்த ஸ்ட்ரோக்குக்கு ஓவர்பிரிண்ட் போடுங்கள், அதாவது அடியில் உள்ள நிறத்தில் ஓட்டை போடாமல் அதன் மேலேயே அச்சாகட்டும். ஸ்ட்ரோக்கில் பாதி உள்ளே போய்விடும், வெளியே நிற்பது கால் பாயிண்ட்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறவர் தன் பக்கத்திலேயே டிராப்பிங் செய்கிறாரா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள், இருவரும் செய்தால் எழுத்து தடித்துப் போகும்.

நம் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. ண, ழ, ணை போன்றவற்றின் சுழிக்குள் இரண்டு பக்கமிருந்தும் மஞ்சள் பரவினால் சுழி அடைத்துக்கொள்ளும். பூஜை நேரம் போன்ற, பத்து பாயிண்டுக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையெல்லாம் இப்படி வைக்கவே வேண்டாம், வெளிர் பின்னணியில் வெறும் கருப்பு, ஓவர்பிரிண்ட், அவ்வளவுதான். வெள்ளைக்கு மட்டும் தவறியும் ஓவர்பிரிண்ட் போட்டுவிடாதீர்கள், எழுத்தே காணாமல் போகும்.

ஆனால் நானாக இருந்தால் நிறத்தையே மாற்றுவேன். நீலத்துக்குப் பதில் சயானும் முழு மஞ்சளும் கலந்த மயில் பச்சை வையுங்கள், முருகனுக்கும் பொருத்தம். மஞ்சள் பிளேட் எழுத்திலும் பின்னணியிலும் ஒரே பரப்பாக ஓடும், எவ்வளவு விலகினாலும் வெள்ளை தெரிய வழியே இல்லை. மஞ்சள் கலந்த அரக்குச் சிவப்பும் அப்படித்தான்.

அப்புறம் தாள். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் டர்பனில் காற்று எப்படி ஈரமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த தாள் ஈரம் குடித்து விரிந்திருக்கும், அதுவும் தாளின் இழை ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக. முடிந்தால் இரண்டு ஓட்டத்தையும் ஒரே நாளில் முடியுங்கள், முடியாவிட்டால் அடுக்கை பிளாஸ்டிக்கில் இறுக்கமாகச் சுற்றி வையுங்கள். இழை சிலிண்டரின் நீளத்துக்கு இணையாகப் போகும்படி தாளை வெட்டி வாங்குங்கள், அப்போது விரிவு பெரும்பாலும் சிலிண்டர் சுற்றும் திசையில் வரும், சிலிண்டரில் பிளேட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தாளை மாற்றிக் கொஞ்சம் சரிக்கட்டலாம். இரண்டாவது ஓட்டத்திலும் அதே கிரிப்பர் (தாளைக் கவ்வி இழுக்கும் பிடி) ஓரம், அதே சைடு லே (தாளைப் பக்கவாட்டில் சரியாக நிறுத்தும் தடுப்பு). மெஷினில் பிளேட்டை நனைக்கும் தண்ணீரையும் குறைத்து ஓட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரே நாள் ஓட்டத்திலேயே விலகினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கிரிப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.